வீட்டுக்காரர் ஊரில் இல்லை, அவர் தபாலை நான் என்ன செய்வது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் வயதானவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். வைத்தியத்துக்காகப் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம். போகும்போது "தபால் வந்தா பார்த்து அனுப்பிடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது தம்பிக்கு நாலு சந்தேகம். கவரில் பெங்களூர் முகவரியை எழுதிப் போஸ்ட்மேனிடமே திருப்பிக் கொடுக்கலாமா? பிரித்துப் பார்க்கலாமா? கையெழுத்துக் கேட்டால் போடலாமா? அவருடைய மறைந்த மனைவி பெயரில் வருகிற தபாலை என்ன செய்வது?

தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் சுருக்கம்: சாதாரணத் தபாலை முகவரி மாற்றித் திருப்பலாம். அவர் சொல்லாமல் பிரிக்கக் கூடாது. கையெழுத்து விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், எந்தக் கவரும் உங்கள் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தகவல் இல்லாமல் கிடக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். "பொங்கலுக்கு வருவார், மொத்தமாகக் கொடுத்துக்கொள்ளலாம்" என்று டிவி மேல் அடுக்கி வைப்பார்கள். அந்த அடுக்கில்தான் தேதி போட்ட கடிதம் இருக்கும்.

இவர் விஷயத்தில் அப்படித் தேதி போட்டு வரக்கூடிய கடிதம் உயிர்ச்சான்றுப் படிவம். புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு, இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிரான்ஸிலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் வசிப்பவர் தான் உயிரோடு இருப்பதை வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை நிரூபிக்க வேண்டும். படிவத்தில் திருப்பி அனுப்ப வேண்டிய கடைசித் தேதி இருக்கும். அது தவறினால் பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும். சான்று போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி தொடங்குவார்கள் என்றாலும், மருத்துவச் செலவில் இருக்கும் ஒரு பெரியவருக்கு நடுவில் சில மாதம் பணம் வராமல் போவது சின்ன விஷயம் இல்லை. பல பிரெஞ்சு ஓய்வூதிய அமைப்புகள் 2019 முதல் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே படிவத்தைப் பொதுவாக ஏற்கின்றன. அதை இணையத்தில் இறக்கி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்றவும் வழி இருக்கிறது. அவருடைய பென்ஷனுக்கு அந்த வசதி பொருந்துமா என்பதை மகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் தபாலுக்குக் காத்திருக்கும் கவலையே பாதி தீர்ந்தது.

எந்த வழியில் போனாலும் சான்று தரும் அதிகாரி முன் அவர் நேரில் நிற்க வேண்டும். படிவத்தை நீங்கள் புதுச்சேரியிலேயே எங்காவது கையெழுத்து வாங்கி உதவலாம் என்று நினைக்க வேண்டாம். ஆள் பெங்களூரில் இருக்கும்போது இங்கே வாங்கும் முத்திரை பொய்ச் சான்றாகிவிடும், பென்ஷனுக்கே ஆபத்து. பெங்களூரிலும் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் உண்டு. அங்கே யார் கையெழுத்துச் செல்லும் என்று மகள் கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, நம்மூர் மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் தரும் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வேறு, இது வேறு. அதை விரல் வைத்துக் கொடுத்துவிட்டேன், போதும் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

சரி, இப்போது முகவரி மாற்றம்.

சாதாரணத் தபால், அதாவது ஸ்டாம்பு ஒட்டி வந்து கையெழுத்தில்லாமல் போட்டுவிட்டுப் போகும் கடிதம் என்றால் முறை எளிது. பிரிக்காதீர்கள். பழைய முகவரியை ஒரே கோட்டால் அடியுங்கள், படிக்க முடிகிற மாதிரி. பெயரை அடிக்க வேண்டாம். பக்கத்தில் பெங்களூர் முகவரியைப் பின்கோடுடன் எழுதுங்கள். ஸ்டாம்பு, முத்திரை, அனுப்பியவர் முகவரி, பார்கோடு இவற்றின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். அன்றே, இல்லாவிட்டால் மறுநாளே போஸ்ட்மேன் கையில் கொடுங்கள். பிரிக்காமல், நாள் கடத்தாமல் திருப்பினால் கூடுதல் ஸ்டாம்பு தேவையில்லை. பிரித்து ஒட்டிய கவரையோ வெகுநாள் வைத்திருந்த கவரையோ அப்படிக் கொடுக்கக் கூடாது. அதை வேறு உறையில் போட்டுப் புதிதாக ஸ்டாம்பு ஒட்டித்தான் அனுப்ப வேண்டும்.

பெங்களூர் முகவரியை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே மெயின், கிராஸ், பிளாக், ஸ்டேஜ் என்று எண்ணுக்கு மேல் எண் வரும். மூன்றாவது மெயின் ஐந்தாவது கிராஸ் என்பதை மாற்றி எழுதினால் கடிதம் வேறு தெருவில் சுற்றும். மகளிடம் வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கி அப்படியே பார்த்து எழுதுங்கள், போனில் கேட்டு எழுத வேண்டாம். பின்கோடுதான் வழியைத் தீர்மானிக்கிறது. நம்ம யூனியன் பிரதேசமே நல்ல உதாரணம்: புதுச்சேரி 605001, காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. எழுதுகிற மாநிலப் பெயர் ஒன்றுதான். ஆனால் மாஹே கடிதம் கேரளப் பக்கமும் ஏனாம் கடிதம் ஆந்திரப் பக்கமும் போகிறது.

கூரியரில் வந்த கவரை மட்டும் தபால் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அதில் ஸ்டாம்பு கிடையாது. அஞ்சலகத்துக்கு அது கட்டணம் கட்டாத தபால், பெறுபவரிடம் இரட்டிப்பாக வசூலிப்பார்கள், அல்லது எங்காவது தேங்கிவிடும். கூரியர்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் உங்கள் செலவில் புதிய உறையில் அனுப்புங்கள்.

ஒவ்வொரு கடிதத்திலும் இப்படி எழுதிக்கொண்டிருப்பதை விட, அவரே அஞ்சலகத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பது மேல். இதில் இரண்டு தவறு சகஜமாக நடக்கிறது. ஒன்று, புதிய ஊர் அஞ்சலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது. பெங்களூர் அஞ்சலகத்துக்கு முத்தியால்பேட்டைக்கு வரும் தபாலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய முகவரிக்குப் போஸ்ட்மேன் எங்கிருந்து கிளம்புகிறாரோ, அங்கேதான் கொடுக்க வேண்டும். இப்போது சில ஊர்களில் பட்டுவாடாவைத் தனி மையங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் வீட்டுக்குப் பக்கத்து அஞ்சலகம்தான் என்று நினைத்துக்கொள்ளாமல் உங்கள் போஸ்ட்மேனிடமே கேளுங்கள். ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். இரண்டாவது தவறு, அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. தபாலுக்கு உரியவர் கையெழுத்து வேண்டும். நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தில் பெரிய மொழி தேவையில்லை. "இன்ன முகவரியில் வசிக்கும் நான் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை கீழ்க்கண்ட முகவரியில் இருப்பேன். என் பெயருக்கு வரும் தபால்களை அங்கே திருப்பி அனுப்பவும்" என்று எழுதி, பெயர், இரண்டு முகவரி, கைப்பேசி எண், கையெழுத்து, அடையாள அட்டை நகல். அவர் பெயருக்கு மட்டுமா, குடும்பத்தில் மற்றவர்களுக்குமா என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தேதி வரம்பு கட்டாயம் எழுதட்டும். அது முடியும் தறுவாயில் புதிதாக ஒன்று கொடுக்க வேண்டும். கடலூர்ப் பக்கம் இந்தக் கடிதம் அதிகம் தேவைப்படுவது நெய்வேலியில். ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போவார்கள், பாலிசித் தபாலும் பங்குப் பத்திரத் தபாலும் பழைய பிளாக் முகவரிக்கே வந்துகொண்டிருக்கும். அடுத்து குடிவந்தவர் முதல் மாதம் அக்கறையாகப் போன் செய்வார், அப்புறம் அவருக்கும் அலுத்துவிடும். காலி செய்யும் வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் யாரையும் நம்பி இருக்க வேண்டாம்.

இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. வங்கி கார்டு, காசோலைப் புத்தகம் போன்றவற்றின் உறையிலேயே "வேறு முகவரிக்குத் திருப்ப வேண்டாம்" என்று அச்சடித்திருப்பார்கள். அது அவருடைய பணத்துக்கான பாதுகாப்பு. அந்தக் கவரில் நீங்கள் முகவரி மாற்றி எழுதக் கூடாது. போஸ்ட்மேனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள், அவர் வங்கியோடு பேசிக்கொள்வார்.

கையெழுத்துக் கேட்கும் தபாலுக்கு வருவோம். இதில் விதிகள் சமீபத்தில் மாறியிருக்கின்றன, பழைய ஞாபகத்தில் பேசுபவர்கள் நிறையப் பேர். உள்நாட்டுப் பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். வெறும் ஸ்பீட் போஸ்ட் முகவரியைப் பார்த்துத் தரப்படுவது, அந்த வீட்டில் இருப்பவர் வாங்கலாம். அனுப்புபவர் கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டிப் 'பதிவு' சேவையைக் கேட்டிருந்தால், பெயருக்கு உரியவர் அல்லது அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவர் மட்டுமே வாங்கலாம். ஓடிபி சொன்னால்தான் தரப்படும் வகையும் இப்போது உண்டு. அந்த ஓடிபி கவரில் இருக்கும் எண்ணுக்குப் போகும். பெரியவர் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டாரா என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாங்கலாம் என்ற நிலையில்கூட உங்கள் பெயரைத்தான் கையெழுத்தாகப் போட வேண்டும். பக்கத்தில் "கீழ் வீட்டுக் குடியிருப்பவர்" என்றும் தேதியும் எழுதுங்கள். அவர் பெயரை எழுதிவிடக் கூடாது. அவசரத்தில் ஒரு போஸ்ட்மேனே "சும்மா அவர் பேரைப் போட்டுடுங்க" என்று சொன்னாலும் வேண்டாம். அந்தக் கையெழுத்து அனுப்பியவரிடம் சான்றாகப் போகிறது. நாளைக்கு நீதிமன்றத்தில் "இது என் கையெழுத்து இல்லை" என்று அவர் சொல்ல, யார் போட்டது என்ற கேள்வி உங்களிடம் வரும்.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் சட்ட நோட்டீஸ்தான். 1897-ஆம் ஆண்டின் பொதுவிதிச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரியிட்டுக் கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் பெறுபவர் தலையில். காசோலை வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் உறுதி செய்திருக்கிறது. காசோலை திரும்பிய நோட்டீஸ் கையில் கிடைத்தால் பணம் கட்ட 15 நாள்தான். நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கி, மறந்து, மூன்று வாரம் கழித்துக் கொடுத்தால் அவருக்கு அந்த 15 நாளும் போய்விட்டது.

அதனால் அதிகாரக் கடிதம் இல்லாமல் அவர் பெயருக்கு வரும் பதிவுத் தபாலை வாங்க வேண்டாம். அப்போது போஸ்ட்மேனிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். "வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்றால் அவர் கவரில் 'ரெஃப்யூஸ்டு' என்று எழுதக்கூடும். வாங்க மறுத்தால் பெற்றுக்கொண்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பெரியவருக்கு ஒன்றுமே தெரியாமல் இது நடந்துவிடும். அதற்குப் பதில் தெளிவாக, "அவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார், முகவரி இது, நான் குடியிருப்பவன், எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லுங்கள். முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆள் இல்லாதபோது தபால் வந்திருப்பதாக இன்டிமேஷன் சீட்டுக் கொடுத்து 7 நாள் அஞ்சலகத்தில் வைத்திருப்பார்கள். அன்றே இன்டிமேஷனைப் படம் எடுத்து அனுப்பினால் அவர் அதிகாரக் கடிதம் அனுப்பவோ, அங்கே திருப்பச் சொல்லவோ நேரம் இருக்கிறது. கவரின் மேல் அனுப்பியவர் பெயரையும் ட்ராக்கிங் எண்ணையும் போஸ்ட்மேனிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்ற ஆள் நேரில் சம்மன் கொண்டுவந்தால் இன்னும் எளிது: வாங்காதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 5, விதி 15-இல், ஆள் இல்லாதபோது அவரோடு வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறது. வேலைக்காரர்கூடக் குடும்பத்தினர் ஆக மாட்டார் என்று அதே விதி சொல்கிறது, வாடகைக்கு இருப்பவர் எங்கே ஆவார்? கதவில் ஒட்டிவிட்டுப் போனால் கிழிக்காமல் படம் எடுத்து உடனே அனுப்புங்கள்.

பிரித்துப் பார்ப்பது பற்றி. பழைய 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தில், கெடுதல் செய்யும் எண்ணத்தோடு பிறர் கடிதத்தைப் பிரித்தால் 6 மாதம் வரை சிறை என்று 69-ஆவது பிரிவு இருந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டமே போய்விட்டது, புதியதில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அதைக் கேட்டுவிட்டு "இப்போ பிரிக்கலாம்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் செக்கையோ பொருளையோ தனதாக்கினால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவு இருக்கவே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். அது அவருடைய உடம்பைப் பற்றிய கடிதமாக, குடும்பத்துச் சொத்துப் பிரச்சினையாக இருக்கலாம். நம்மை நம்பி வைத்துவிட்டுப் போன கவரை அவர் கேட்காமல் திறக்க நமக்கு மனசு வரக் கூடாது.

நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. கவர் வந்த அன்றே முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அவருக்கோ, அவர் கைகாட்டிய மகளுக்கோ அனுப்புங்கள். "பிரிக்கவா, அப்படியே அனுப்பவா?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். பிரிக்கச் சொன்னால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கடிதத்தை அதே உறையில் போட்டு வையுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள், அதிலிருக்கும் முத்திரைத் தேதிதான் எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி. அசல் தேவைப்படுபவற்றை, உயிர்ச்சான்றுப் படிவம் வந்தால் அதையும் சேர்த்து, பெங்களூருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு சின்ன நோட்டில் வந்த தேதி, அனுப்பியவர், என்ன செய்தீர்கள் என்று மூன்று விவரம் எழுதினால் போதும். செலவுக் கணக்கும் அதிலேயே இருக்கட்டும். பெரியவர்கள் ஐம்பது ரூபாய்க்கும் கடன்பட்டதாக நினைத்துச் சங்கடப்படுவார்கள், கணக்கு இருந்தால் அவருக்கும் நிம்மதி.

அவருடைய மறைந்த மனைவி பெயரில் வருவதைப் பெங்களூருக்கு அப்படியே திருப்ப வேண்டாம். "காலமாகிவிட்டார்" என்று எழுதி உடனே அனுப்பியவருக்குத் திருப்பவும் வேண்டாம். முதலில் கவரின் படம் அவருக்குப் போகட்டும். காப்பீடு, வங்கி, டெபாசிட் சம்பந்தமாக இருந்தால் வாரிசாக அவர் செய்ய வேண்டிய வேலை அதில் இருக்கலாம், அந்தக் கவர் அவருக்குத் தேவை. விளம்பரம், சந்தா மாதிரி என்றால் அவர் சொன்ன பிறகு எழுதித் திருப்புங்கள். பென்ஷன் அலுவலகத்திலிருந்து என்றால் இறப்புச் சான்றிதழோடு அவரோ மகளோ முறையாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் பணம் வந்துகொண்டிருந்தால் பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

இதெல்லாம் இடைக்கால ஏற்பாடு. ஆறு மாதம் தாண்டும் என்று தெரிந்தால், அனுப்புபவர்களிடமே முகவரி மாற்றச் சொல்லுங்கள்: பென்ஷன் அலுவலகம் முதலில், அப்புறம் வங்கி, எல்ஐசி. புதிய முகவரியில் மகள் பெயரை "மே/பா" என்று சேர்க்கச் சொல்லுங்கள். வாசலில் வேறு பெயர்ப்பலகை இருக்கும் வீட்டில், புதிதாக வந்த பெரியவரின் பெயரைப் பார்த்துப் பெங்களூர்ப் போஸ்ட்மேன் 'நாட் நோன்', அதாவது இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திருப்பிவிடாமல் இருக்க அது உதவும்.

அவர் திரும்பி வந்ததும் அஞ்சலகத்தில் கொடுத்த கடிதத்தை ரத்து செய்யச் சொல்ல மறக்காதீர்கள். அதற்கு முன்பே நீங்கள் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால், நோட்டையும் மீதிக் கவர்களையும் அடுத்து குடிவருபவரிடம் கொடுக்க வேண்டாம். கவர்களை மகளுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, "இனி அந்த வீட்டில் நான் இல்லை" என்று போஸ்ட்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.